படத்தில் விட்டுப்போன சங்கு

ஒரு தடவை வாசித்ததை அப்படியே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னால் அக்கா பியானோ மூடியைச் சாத்திவிட்டு எழுந்துவிடுவார். “ஒரே மாதிரி வேணும்னா போன்ல போட்டுக் கேளு. அதுக்கு நான் எதுக்கு?” என்பார். நானும் சளைக்காமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு மெட்டு பிடித்துப்போனால் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறி வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்குக்கூட விடமாட்டார் மனுஷி. நேற்று மனசில் பதிந்ததை இன்று வந்து கலைத்துவிடுவார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஹைதராபாத் மாதாப்பூரில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் அவர் ரிலீஸ் மேனேஜர். நாங்கள் எழுதி, சோதித்து வைக்கிற புரோகிராமைக் கடைசியாகச் சரிபார்த்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிற பொறுப்பு. அந்த ஆபீஸில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் விருதுநகர்க்காரி. என்னைவிட அவ்வளவு மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அக்கா என்றேன். அவர் அன்றைக்கே என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் பிறந்து வளர்ந்தது அதே ஊர் ராமச்சந்திராபுரம் ஆலைக் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அதனால் வீட்டில் பேசின நெல்லைத் தமிழும் தெருவில் பேசின ஊர்ப்பேச்சும் அவர் வாயில் ஒன்றாகக் கிடந்தன. வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்காரர்கள் ‘நக்கோ’ என்பார்கள். அக்கா ‘நக்கோட்டி’ என்பார். அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை.

வேலையில் அவரைப் போல ஒரு கறார் பேர்வழி கிடையாது. சரிபார்த்து முடித்த பிறகு ஒரு கமா மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். “இதைக் கொஞ்சம் மாத்தினா இன்னும் நல்லா இருக்கும்” என்று எவனாவது வந்து நின்றால் போச்சு. “கை அரிச்சா கீழ போ. பியானோ இருக்கு. அதுல மாத்து” என்பார்.

அந்த பியானோ கீழ்த்தளத்து வரவேற்புக் கூடத்தில் இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷர் மாதிரி யாரோடும் ஒட்டாமல் நின்றுகொண்டிருக்கும். யாரோ மேலிடத்துக்காரர் அழகுக்கு வாங்கிப் போட்டது. மேலே ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை. அக்கா கம்பெனியில் சேர்ந்த வாரத்தில் சாப்பாட்டு வேளையில் வந்து அட்டையைப் படித்திருக்கிறார், எடுத்துப் பக்கத்து நாற்காலியில் மரியாதையாக வைத்திருக்கிறார், உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். வாசலில் காவலுக்கு நின்ற செக்யூரிட்டிப் பெரியவர், நாங்கள் சாச்சா என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்து தடுத்தபோது, “தொடாதேன்னுதானே போட்டிருக்கு, வாசிக்காதேன்னு போடலையே” என்று கேட்டாராம். சாச்சா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது சரிதான் என்று தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாராம். சாச்சாவே இதை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளையில் வாசிப்பு. வாசித்ததெல்லாம் ஒரே ஒரு உருப்படி. ஏதோ பழைய விஞ்ஞானப் படம், தியேட்டரில் ஓடாமல் படுத்த படம்; அதன் தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது வரும் இசை. வயலின் கிடையாது, மிருதங்கம் கிடையாது, முழுக்க முழுக்க சிந்தசைசர். படத்தை எல்லாரும் மறந்த பிறகு அந்த இசைக்கு மட்டும் திடீரென்று மவுசு வந்து, நான் வேலையில் இருந்த காலத்தில் பையன்கள் பாதிப் பேர் போனில் அதுதான் அடிக்கும். மெஷினில் பிறந்த அந்தத் துண்டு இசையை அக்கா பியானோவில் வைத்து நாளுக்கொரு விதமாக வளர்ப்பார். ஒரு நாள் தாலாட்டு மாதிரி இருக்கும், ஒரு நாள் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் மேல் வரியை, அதாவது மெட்டையே, வாசிக்க மாட்டார். ஆனாலும் நமக்கு அது காதில் கேட்கும். எப்படி என்று கேட்டால், “எனக்கும் தெரியாதுட்டி” என்பார். பொய் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். நிஜமாகவே தெரியாதாம். உட்காருகிறவரைக்கும் எதுவும் முடிவு செய்ய மாட்டாராம்.

எத்தனை விதமாக மாற்றினாலும் ஒன்று மட்டும் இருக்கும். நடுவில் ஓரிடத்தில் மெட்டை அப்படியே தொங்கவிட்டுவிட்டு இடது கை அடிமட்டத்துக்குப் போகும். அங்கே இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி வேகமாக அடிக்கத் தொடங்குவார். சத்தம் தரையிலிருந்து கிளம்பி மெல்ல மெல்ல ஏறும். கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

ஒரு நாள் எங்கள் டீமில் இருந்த பையன் ஒருவன் போனோடு வந்தான். கெட்டிக்காரன், ஆனால் யாராவது தப்புச் செய்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அக்கா, அசல்ல அந்த அடிச்சத்தமே இல்லை, கேளுங்க என்று ஹெட்போனை நீட்டினான். அக்கா வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். கழற்றிக் கொடுத்தார்.

“ஹவ், ஆமா, அதுல இல்ல. படத்துல விட்டுட்டாங்க.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள், இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவராகவே சொன்னார். சின்ன வயசில் ஆலைக் குடியிருப்பு மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவார்களாம். தமிழ்க் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் அந்தப் படம் வந்திருக்கிறது. அப்பாவுக்குப் புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டர் மேல் அப்படி ஒரு ஆசை. டைட்டில் இசையைப் பதிவு செய்வதற்காக அதை மகள் மடியில் வைத்து அழுத்திவிட்டிருக்கிறார். இசை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஷிப்டுக்கு ஆலைச் சங்கு ஊதியிருக்கிறது. மைதானத்தில் இருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் வேட்டியையோ பேண்ட்டையோ தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். சங்கும் டேப்பில் ஏறிவிட்டது.

வீட்டில் அந்த ஒரு கேசட்தான். தேய்கிறவரைக்கும் அதைத்தான் கேட்டிருக்கிறார். சங்கும் இசையில் ஒரு பகுதி என்றே நினைத்து வளர்ந்திருக்கிறார். பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகுதான் அசலைக் கேட்டாராம்.

“கேட்டேன் பாரு, சங்கு இருந்த இடத்துல ஒரு ஓட்டை. வேற ஒண்ணுமில்ல, ஓட்டை. எங்கப்பா எந்திரிச்சுப் போன இடம்ட்டி அது. சும்மா விட்டுருவேனா?”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

அவர் பிடிவாதக்காரி. எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், ஆனால் சத்தம் போட மாட்டார். வீடு இருந்த திருமுல்கேரியில் அவர்கள் போகிற சர்ச்சில் கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமை பியானோ வாசித்திருக்கிறார். பாமாலைப் பாட்டின் கடைசிக் கவியில், அதாவது கடைசிச் சரணத்தில், சுருதியை மாற்றி எங்கேயோ கொண்டுபோய்விட, சபை மொத்தமும் பாதிப் பாட்டில் திகைத்து நின்றுவிட்டதாம். குருவானவர் கூப்பிட்டு, இத்தனை வருஷமாகப் பாடுகிற பாட்டை ஏனம்மா மாற்றுகிறாய் என்று கேட்டிருக்கிறார். “கர்த்தருக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்சிருக்கும்லா ஐயரே” என்றிருக்கிறார் அக்கா. அடுத்த ஞாயிறிலிருந்து வேறொருவர் வாசித்தார். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினார். கடைசிக் கவியை வேறு மாதிரி.

வீட்டில் பியானோ கிடையாது. வீட்டுக்காரர் ராணுவப் பட்டறை ஒன்றில் சிவிலியன் உத்தியோகம். குவார்ட்டர்ஸில் கட்டில் போட்ட இடம் போக நடக்க இடம் இருந்தால் பெரிசு. மகனுடைய எலெக்ட்ரானிக் கீபோர்டு இருந்தது. அதில் வாசித்தால் என்ன என்று நான் ஒரு தடவை கேட்டேன். அவருக்குப் பிடித்ததே எலெக்ட்ரானிக் இசை அல்லவா, பொருத்தமாகத்தானே இருக்கும்? அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் சத்தம் பிறந்த உடனே தேய ஆரம்பித்துவிடும். கையை எடுக்காவிட்டாலும் தேயும். சங்கு அப்படியா? சின்னதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும்.

“கீபோர்டுல சங்குக்கே ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அதுபாட்டுக்கு ஊதும். அதுல நான் என்ன செய்ய? தேயுத சாமானை வச்சு ஏறுத சத்தத்தை உண்டாக்கணும். அதுதான்ட்டி சண்டை. தினம் தோக்கேன். தினம் வேற மாதிரி தோக்கேன்.”

தோற்கிறேன் என்று சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே! ஜெயித்தவர்களிடம் நான் அதைப் பார்த்ததில்லை.

ஆக, சர்ச்சில் கை வைக்க முடியாது, வீட்டில் பியானோ கிடையாது. ஊரில் அவருக்கென்று இருந்தது கூடத்தில் நின்ற அந்த ஒரு பியானோதான். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

கம்பெனியின் ஆண்டு விழா நெருங்கியது. அட்மின் மேனேஜர், சாப்பாட்டு வேளை வாசிப்பை ஆரம்பத்திலிருந்தே ஜீரணிக்க முடியாதவர், ஒரு நாள் சிரித்துக்கொண்டே அக்காவிடம் வந்தார். பெரிய திரையில் கம்பெனி வளர்ந்த கதையை ஒரு வீடியோவாகப் போடப் போகிறார்கள். வெளிநாட்டுத் தலைவர் வருகிறார். பின்னணிக்கு அந்தப் பட இசை. அக்கா கீழே உட்கார்ந்து அதை நேரடியாக வாசிக்க வேண்டும். படத்தில் இருக்கிற மாதிரியே, ஒரு இம்மி பிசகாமல்; இசையின் அளவுக்குத்தான் வீடியோவை வெட்டியிருக்கிறார்கள். அப்படி வாசித்துவிட்டால் பியானோவை எல்லாருக்கும் திறந்துவிட்டு அட்டையையும் எடுத்துவிடுவார்களாம். இல்லையென்றால் பூட்டுத்தான், ஏற்கெனவே நிறையப் புகார் வந்திருக்கிறதாம். புகார் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். அவர் தெலுங்கில் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம். “ஒரே ஒரு தடவைக்கா. அப்படியே வாசிச்சாத் தலையா போயிரும்? அப்புறம் வருஷம் முழுக்க உங்க இஷ்டம்.”

“தலை போகாது” என்றார். “சங்கு போயிரும்.”

“சங்கை மறுநாள் வாசிச்சுக்கோங்களேன்!”

“நக்கோட்டி.”

வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவரோடு சாப்பிடவில்லை. இவ்வளவு வீம்பு ஆகுமா ஒரு மனுஷிக்கு? சோற்றுக்கு அப்புறம் இந்த உலகத்தில் அவர் ஆசைப்பட்டது அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றைத்தான். அதையும் பணயம் வைக்கிறாரே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. மாடிப்படியெல்லாம் ஆட்கள். அக்கா நல்ல பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள், திரையில் கம்பெனியின் முதல் அறை வந்தது, அக்கா தொடங்கினார். அப்படியே படம்தான். ஒரு எழுத்து மாறவில்லை. ஒரு கமாவைக்கூட மாற விடாத ரிலீஸ் மேனேஜர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்தில் நின்ற அந்தக் கெட்டிக்காரப் பையன், கரெக்டா இருக்கு, கரெக்டா இருக்கு என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். அட்மின் மேனேஜர் தலையை ஆட்டி ரசித்தார். நான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. அசலில் அங்கே இசை சற்று நின்று மூச்சு வாங்கும். திரையில் கம்பெனியின் சின்னம் மெல்ல எழுந்தது. அக்காவின் கைகள் மடியில் இருந்தன. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இடது கை அடிமட்டத்துக்குப் போனது.

அன்றைக்கு ஊதிய மாதிரி அந்தச் சங்கு அதற்கு முன்னால் ஊதியதில்லை. கூடத்துக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. திரையில் சின்னம் போய்க் கட்டடம் வந்தது, கட்டடம் போய்க் கைகுலுக்கல் வந்தது, தலைவர் வந்து சிரித்தார், எதற்கும் சங்கு நிற்கவில்லை. பிறகு மெட்டு திரும்பி வந்தபோது அது படத்தின் மெட்டாகவே இல்லை. யாரோ ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிற மாதிரி, நிதானமாக, களைப்பாக, ஆனால் நிமிர்ந்து வந்தது. திரை வெள்ளையாகிவிட்டது. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். முடித்தபோது முதலில் யாரும் கை தட்டவில்லை. அப்புறம் சாச்சா தட்டினார். அப்புறம் எல்லாரும். வெளிநாட்டுத் தலைவரும் தட்டினார், ஆனால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் அழுதேன். ஏன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

அட்மின் மேனேஜர் தட்டவில்லை. திங்கட்கிழமை பியானோ மூடியில் பூட்டுத் தொங்கியது.

அந்தப் பூட்டு கடைசிவரை திறக்கவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி அக்கா வடக்கே போகும்வரை திறக்கவில்லை. இப்போது பியானோவே இல்லை, அந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள். நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான்.

சாப்பாட்டு வேளைக்கு அக்கா இறங்கி வந்தார். பூட்டைப் பார்த்தார். நானும் இன்னும் நாலைந்து பேரும் என்ன ஆகுமோ என்று தட்டோடு நின்றோம். அவர் எப்போதும் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூடிய மூடியின் மேல் பத்து விரலையும் வைத்தார். தட்ட ஆரம்பித்தார்.

மரத்தில் டக்டக் என்று விரல் விழுகிற சத்தம்தான். ஆனால் எங்களுக்கு மெட்டு தெரியுமே! கூடம் முழுக்க மெட்டு கேட்டது. யார் போய்ச் சொன்னார்களோ, அட்மின் மேனேஜர் மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கி வந்து, சாச்சாவைப் பார்த்து, என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று இந்தியில் அதட்டினார்.

சாச்சா விறைப்பாக நின்று சொன்னார். “பியானோ நக்கோ போலே சாப். லக்டி நக்கோ கர்கே கோயி நை போலே.”

பியானோ வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள், மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்கிறார். அட்டையைப் பார்த்து அக்கா பேசின அதே நியாயம். மேனேஜர் படியிலேயே நின்றுவிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தார்.

வந்து, நின்றுபோனார்.

இடது கை ஓரத்துக்குப் போய் மரத்தின் மேல் தயங்கி நின்றது. தட்டிப் பார்த்தார். வேகமாகத் தட்டிப் பார்த்தார். டக்டக்கென்றது. மரத்தைத் தட்டலாம், நீட்ட முடியாது. தேய்கிற சத்தத்தோடாவது சண்டை போடலாம். சத்தமே இல்லாததோடு என்ன சண்டை போடுவது? அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கை மூடியின் மேலேயே கிடந்தது. கழுத்து குனிந்தது. படியில் நின்ற மேனேஜரின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள், அப்படிப்பட்ட குரல் என்னுடையது. தட்டைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன். அடிவயிற்றிலிருந்து ‘ஊ’ என்று மெதுவாகத்தான் தொடங்கினேன். பக்கத்தில் தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் சத்தம் ஏறியது. பியானோவால் முடியாதது, தேயாமல் ஏறுவது, என் தொண்டைக்கு ஒரு சிரமமும் இல்லாமல் வந்தது. மேனேஜரை நேராகப் பார்த்துக்கொண்டு ஊதினேன். கூடம் முழுக்க நிரம்பும்வரை, மூச்சு தீர்ந்து கண் இருட்டும்வரை ஊதினேன். நடுவிலேயே அக்காவின் விரல்கள் மறுபடி மரத்தின் மேல் நடக்கத் தொடங்கிவிட்டன.

முடித்துவிட்டு எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. என் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நல்லா ஊதினட்டி” என்றார். “நாளைக்கு இதே மாதிரி ஊதாத.”